ஏவுகணை எப்படித் தன் இலக்கைத் தேடிப் போகிறது? மருமகன் கேட்ட கேள்விக்கு விரிவான பதில்

2025 மே மாதம், டிவியைப் போட்டாலே பாகிஸ்தானுடன் நடந்த மோதல் செய்தியாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில், பாளையங்கோட்டையில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிற அக்கா மகன் பணகுடிக்கு வந்திருந்தான். பிரமோஸ், எஸ்-400, ஆகாஷ் என்று பேர்பேராகக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, தீபாவளி ராக்கெட்டை நேரா வச்சாலும் அடுத்த வீட்டு மாடியில போய் விழுது. இது மட்டும் எப்படி முந்நூறு கிலோமீட்டர் போயி ஒரே ஒரு கட்டடத்துல விழுது? ஓடுற விமானத்தை எப்படித் துரத்துது? இனிமே சண்டைன்னா இதுதானா? நம்ம மகேந்திரகிரியில ஏவுகணை செய்றாங்கன்னு வேற சொல்றாங்களே?"

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாதிதான் சொல்ல முடிந்தது. நான் விமானப்படையில் இருபது வருடம் இருந்தவன். அதில் பெரும்பகுதி பெச்சோரா என்ற ஏவுகணைப் பிரிவில், கருவிகளைப் பராமரிக்கிற வேலை. தெரிந்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை, தேடிப் படித்தால் யாருக்கும் கிடைக்கிற விஷயம்தான்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மகேந்திரகிரியில் இருப்பது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். விகாஸ் இன்ஜின், கிரையோஜெனிக் இன்ஜின் எல்லாம் அங்கேதான் தரையோடு கட்டிவைத்து எரித்துப் பார்க்கப்படுகின்றன. அது செயற்கைக்கோள் ராக்கெட்டுக்கான வேலை, ஆயுத வேலை இல்லை. ஏவுகணைகளை உருவாக்குவது டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், அதன் ஏவுகணை ஆய்வகங்கள் ஹைதராபாத்தில் இருக்கின்றன. இன்னொன்று, மகேந்திரகிரியில் எரிக்கிற திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி குளிர். அதை நிரப்பி வைத்துக்கொண்டு சண்டை எப்போது வரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது, ஆவியாகிப் போய்விடும். போர்க்கருவிக்கு எப்போதும் தயார் நிலையில் இருக்கிற எரிபொருள் வேண்டும், அதனால் பெரும்பாலும் திட எரிபொருள்தான். நாங்குநேரிப் பக்கம் கடற்படை நிலையம் இருக்கிற விஜயநாராயணம் மட்டும் வேறு கதை, பின்னால் வருகிறேன்.

சரி, ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் என்ன வித்தியாசம்? நெருப்பிலும் வேகத்திலும் வித்தியாசம் கிடையாது. திப்பு சுல்தான் காலத்து மைசூர்ப் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை வைத்து ஆங்கிலேயரைத் திணறடித்தது. ஆனால் விட்ட பிறகு அது போகிற இடத்துக்குப் போகும். வழியில் "நான் இப்போது எங்கே இருக்கிறேன், எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு விலகிவிட்டேன்" என்று தன்னையே கேட்டுக்கொண்டு திருத்திக்கொண்டே போனால்தான் அது ஏவுகணை. மற்ற எல்லாம் இந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை சைக்கிள் மிதித்தவனுக்குத் தெரியும், ஹேண்டிலை நேராகப் பிடித்தால் வண்டி நேராகப் போகாது. காற்று தள்ளுகிறது, உடம்பைக் காற்றின் பக்கம் சாய்க்கிறோம், காற்றாலைத் தூண் மறைவில் காற்று சட்டென்று நின்றதும் உடனே நிமிர்கிறோம். கண் பார்க்கிறது, மூளை கணக்குப் போடுகிறது, கை திருத்துகிறது. ஏவுகணையில் கண்ணுக்குப் பதில் ஒரு தேடுகருவி (நாங்கள் சீக்கர் என்றுதான் சொல்வோம்), மூளைக்குப் பதில் ஒரு சின்னக் கணினி, கைக்குப் பதில் வாலிலோ நடுவிலோ இருக்கிற துடுப்புகள். துடுப்பு சில டிகிரி திரும்பினால் போதும், அந்த வேகத்தில் காற்று மூக்கையே திருப்பிவிடும்.

முதல் சிக்கல், வெளியே எதையும் பார்க்காமல் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது. வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் வள்ளியூர் பஸ் ஏறிக் கண்ணை மூடிக்கொள். பஸ் வேகம் எடுத்தால் முதுகு சீட்டில் அழுந்தும், பிரேக் போட்டால் முன்னால் சாய்வாய், திருப்பத்தில் பக்கத்து ஆள் மேல் இடிப்பாய். தினமும் போகிறவன் இதை வைத்தே "இது மூன்றடைப்பு, இது நாங்குநேரி" என்று சொல்லிவிடுவான். ஏவுகணைக்குள் இருக்கிற முடுக்கமானி இந்த அழுத்தத்தைத்தான் அளக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்பதை ஜைரோ சொல்லும். சுற்றுகிற பம்பரம் தன் அச்சை விட்டுக் கொடுக்காமல் நிற்கிறதே, அதே குணம்தான் பழைய ஜைரோவுக்கு. இப்போது பம்பரத்துக்குப் பதிலாக ஒரு வளையத்துக்குள் ஒளியை இரண்டு பக்கமும் ஓடவிட்டு, இரண்டுக்கும் உள்ள சின்ன வேறுபாட்டை அளக்கிறார்கள். வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் தேவையில்லாததால் எதிரி இதை ஏமாற்ற முடியாது. ஆனால் கண்ணை மூடியவனின் கணக்கு போகப் போகத் தப்புவது மாதிரி இதிலும் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதை இடையிடையே சரிசெய்ய ஜிபிஎஸ், நம்முடைய நேவிக் போன்ற செயற்கைக்கோள் சிக்னல் வேண்டும், அல்லது கீழே உள்ள மேடு பள்ளத்தை உயரமானியால் அளந்து கையில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணை 1991 வளைகுடாப் போரில் ஈராக்கில் போய் விழுந்தது இந்த மேடு பள்ள ஒப்பீட்டை வைத்துத்தான். ரயிலில் தூங்கி விழித்தவன் ஜன்னலில் மலை முகட்டைப் பார்த்ததும் ஊரைச் சொல்வது போலத்தான் இது.

1944-ல் ஜெர்மனி லண்டன் மேல் விட்ட வி-1 பறக்கும் குண்டில் தூரத்தை அளக்க மூக்கில் ஒரு சின்ன விசிறி இருந்தது. காற்றில் அது சுற்றும், இத்தனை சுற்று ஆனதும் லண்டன் வந்துவிட்டது என்று முடிவு செய்து குண்டு தலைகீழாக இறங்கும். அவ்வளவுதான் அதன் கணக்கு. பெரிய நகரத்தைக் குறிவைக்க அது போதும், ஒரு பாலத்தைக் குறிவைக்கப் போதாது.

பாலிஸ்டிக் என்ற வகை இதிலிருந்து தனி. நம் அக்னி அந்த வகை. வயலில் கிளி விரட்டக் கவண் வீசுவதை நினைத்துக்கொள். கல் கையை விட்டுப் போகிற அந்த நொடியில் இருந்த வேகமும் திசையும்தான் எல்லாம், பிறகு அது விழுந்துகொண்டேதான் இருக்கும். அக்னியும் இன்ஜின் எரிகிற சில நிமிடங்களில்தான் பெரும்பாலும் வழிநடத்தப்படுகிறது. இன்ஜின் அணைகிற நேரத்தில் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் கூடிவிட்டால், ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி விழும்போது ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். அந்தத் துல்லியத்துக்காகத்தான் 1983-ல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய திட்டத்தில் ஜைரோவுக்கும் கணினிக்கும் அவ்வளவு பாடுபட்டார்கள். 1987-ல் மேலை நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பத்தைக் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு போட்டன, ஆனாலும் 1988-ல் பிருத்வியும் 1989-ல் அக்னியும் பறந்தன. எனக்கு இன்றைக்கும் அது பெரிய விஷயம்.

ஓடுகிற விமானத்தைப் பிடிப்பதுதான் என் வேலையோடு ஒட்டியது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெச்சோரா எழுபதுகளில் சோவியத்திலிருந்து வந்தது. அந்த ஏவுகணைக்குச் சொந்தக் கண் கிடையாது. தரையில் நிற்கிற ரேடார் இலக்கையும் பார்க்கும், ஏவுகணையையும் பார்க்கும், "மேலே ஏறு, இடது பக்கம் போ" என்று ரேடியோவில் கட்டளை அனுப்பும். ரேடார், ஏவுகணை, இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துக்கொண்டே போனால் கடைசியில் முட்டித்தானே ஆக வேண்டும்? கட்டுப்பாட்டு வண்டிக்குள் பச்சைத் திரைக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் உயரக் கோணம், ஒருவர் திசை, ஒருவர் தூரம், ஆளுக்கொரு கைச்சக்கரம். திரையில் மினுங்குகிற புள்ளி கோட்டை விட்டு நழுவாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு சாத்திய வண்டி, பழைய ரேடியோ வால்வுகளின் சூடு, மின்விசிறி இரைச்சல், உள்ளங்கை வியர்வையில் சக்கரம் வழுக்கும், அதற்காகவே ஒருவர் மடியில் துண்டு வைத்திருப்பார். வெளியே ஏவுகணை கிளம்பினால் முதல் உந்து மூன்று விநாடிக்குள் எரிந்து கழன்றுவிடும், இரண்டாவது உந்து ஏறக்குறைய இருபது விநாடி. ஆட்களின் கை அந்த நேரத்துக்குள் தடுமாறக் கூடாது. இந்தப் பழைய கருவியைத்தான் 1999 மார்ச்சில் செர்பியர்கள் வைத்துக்கொண்டு, ரேடாரில் தெரியாது என்று பேர் வாங்கிய அமெரிக்க எஃப்-117 விமானத்தை வீழ்த்தினார்கள். 2025 மே மாதம் எல்லையில் வந்த ட்ரோன்களைத் தடுத்த கருவிகளில் பெச்சோராவும் இருந்தது என்று அரசு வெளியிட்ட குறிப்பில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொந்தக் கண் உள்ளவையும் உண்டு. வெப்பத்தைத் தேடுவது ஒரு வகை. ஜெட் இன்ஜினின் சூடு அதன் கண்ணுக்கு இருட்டில் எரிகிற தீப்பந்தம் மாதிரி. அமெரிக்காவின் சைடுவிண்டர் 1958 செப்டம்பரில் தைவான் நீரிணையில் முதல் முறையாகச் சண்டையில் விமானத்தை வீழ்த்தியது. அந்தச் சமயத்தில் ஒன்று வெடிக்காமல் சீன மிக் விமானத்தின் உடம்பில் செருகிக்கொண்டு நின்றுவிட்டது, அதைக் கழற்றிப் பார்த்து சோவியத்து செய்த கே-13 தான் பிற்பாடு நம் மிக்-21 விமானங்களில் தொங்கியது. சைடுவிண்டரில் எனக்குப் பிடித்தது வால் துடுப்பின் ஓரத்தில் இருக்கிற பல்லுள்ள சின்னச் சக்கரங்கள். எதிர்க்காற்றில் அவை பம்பரமாகச் சுற்றி, ஏவுகணை தன்னைத்தானே உருட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும். மின்சாரமும் இல்லை, மூளையும் இல்லை. இவ்வளவு எளிமையாக ஒருவன் யோசித்திருக்கிறானே என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆரம்ப கால வெப்பக் கண் சூரியனைப் பார்த்தும் ஏமாந்துவிடும், விமானம் உதிர்க்கிற தீச்சுடரைப் பார்த்தும் ஏமாந்துவிடும். இப்போதுள்ளவை சூட்டை ஒரு புள்ளியாகப் பார்ப்பதில்லை, படமாகவே பார்க்கின்றன, அதனால் சுடர் எது, விமானம் எது என்று பிரித்துவிடும். ரேடார் கண் இன்னொரு வகை, நம் அஸ்திரா மூக்கிலேயே ரேடார் வைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்தில் தானே தேடிப் போகும்.

கண் தெரிந்தால் மட்டும் போதுமா? இலக்கு இப்போது இருக்கிற இடத்தை நோக்கி ஓடினால் எப்போதும் பின்னால்தான் போய்ச் சேரும். அது இருக்கப் போகிற இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ஊர் ரோட்டிலிருந்து நாலுவழிச் சாலையில் ஏற வண்டியில் போகிறாய், சாலையில் ஒரு லாரி வருகிறது. உன் கண்ணாடியின் ஓரத்துக்கு நேராகத் தெரிகிற லாரி, போகப் போக முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் பயம் இல்லை. அதே கண்ணாடி ஓரத்திலேயே நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் மோதப் போகின்றன, பிரேக்கைப் பிடி. நாம் தவிர்க்கிற அந்த நிலையைத்தான் ஏவுகணை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. ஏவுகணையிலிருந்து இலக்கைப் பார்க்கிற கோடு, அதாவது பார்வைக்கோடு, சுழலாமல் நின்றால் அப்படியே போகும், சுழல ஆரம்பித்தால் அந்தச் சுழற்சியைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் தன் பாதையைத் திருப்பிக்கொள்ளும். இதற்கு இலக்கின் தூரம்கூடச் சரியாகத் தெரிய வேண்டியதில்லை. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதைக் கவனித்துப் பார், குஞ்சு ஓடுகிற பக்கம் அது முன்கூட்டியே சரிந்து வரும்.

ஆனால் தப்பவே முடியாது என்று நினைக்காதே. படத்தில் காட்டுகிற மாதிரி ஏவுகணை கடைசிவரை நெருப்புக் கக்கிக்கொண்டு போவதில்லை. வானில் விடுகிற பெரும்பாலானவற்றில் எரிபொருள் சில விநாடியில் தீர்ந்துவிடும், மீதித் தூரம் எடுத்த வேகத்திலேயே சறுக்கிக்கொண்டு போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும். அருகில் இருந்தால் தப்புவது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் விமானி உடம்பு தாங்குவது ஒன்பது ஜி வரைதான் (தன் எடையைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம்), ஏவுகணை முப்பது ஜி-க்கு மேல் வளையும். எட்டுகிற தூரத்தின் விளிம்பில் இருந்தால் விமானி திரும்பி ஓடியே அதைக் களைக்க வைத்துவிடலாம். அதனால் "இந்த ஏவுகணை நூறு கிலோமீட்டர் போகும்" என்று டிவியில் சொன்னால், எந்த உயரத்தில், எதை நோக்கி என்றும் கேட்க வேண்டும். இன்னொன்று, விமானத்தில் நேராக இடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் போனதும் உணர்ந்து வெடிக்கிற கருவி இருக்கிறது, சிதறுகிற இரும்புத் துண்டுகளே போதும்.

பிரமோஸைப் பற்றித்தான் அதிகம் கேட்டான். 1998-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம், 2001 ஜூன் 12 முதல் சோதனை, பிரம்மபுத்திராவும் மாஸ்க்வா நதியும் சேர்ந்து பேர். அந்த நிறுவனத்தை முதலில் தலைமையேற்று நடத்திய சிவதாணுப் பிள்ளை நம்ம நாகர்கோவில்காரர். மூன்று டன் எடை, ஒலியைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு வேகம், விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போக ஒன்றரை நிமிடம்தான் ஆகும். கிளம்ப ஒரு திட உந்து, அது கழன்றதும் ராம்ஜெட், அதாவது முன்னால் வருகிற காற்றையே வேகத்தால் அழுத்தி எரிக்கிற இன்ஜின். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டாம். இதை வெட்டி நிறுத்துவது ஏன் கஷ்டம் என்று உவரிக் கடற்கரையில் நின்றால் புரிந்துவிடும். தூரத்தில் வருகிற படகின் பாய்மரம்தான் முதலில் தெரியும், உடம்பு பிறகு. பூமி வளைந்திருக்கிறது. கப்பலின் ரேடார் இருபது மீட்டர் உயரத்தில் இருந்து, ஏவுகணை பத்து மீட்டர் உயரத்தில் அலையை ஒட்டி வந்தால், முப்பது கிலோமீட்டருக்கு உள்ளே வந்த பிறகுதான் அது கண்ணில் படும். பிறகு கையில் இருப்பது அரை நிமிடம். இதை சுகோய் விமானத்தில் தொங்கவிடுகிற பிரிவு 2020-ல் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது, ஆக நமக்குத் தெற்கே உள்ள கடலில் பெரும்பரப்பு அதன் நிழலில் வருகிறது.

இனி, சண்டையில் இது என்ன மாற்றியது? கடலில்தான் முதல் அதிர்ச்சி. 1967-ல் எகிப்தின் சிறு படகுகள் ஸ்டிக்ஸ் ஏவுகணையால் இஸ்ரேலின் எய்லாத் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தன. நான்கு வருடம் கழித்து 1971 டிசம்பர் 4 இரவு நம் கடற்படை அதே ஏவுகணையோடு நிர்காட், நிபாட், வீர் என்ற மூன்று சிறு படகுகளைக் கராச்சி வரை கொண்டுபோய் கைபர் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தது, அதனால்தான் டிசம்பர் 4 கடற்படை நாள். இருநூறு டன் படகு ஒன்று பத்து மடங்கு பெரிய கப்பலை வீழ்த்தலாம் என்று ஆன பிறகு கடற்போர் பழையபடி இல்லை. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா என்ற போர்க்கப்பலைக் கருங்கடலில் உக்ரைன் கரையிலிருந்து விட்ட ஏவுகணைகளே மூழ்கடித்தன.

தரையில் டாங்கியின் மேல்பக்கத் தகடு மெல்லியது என்பதால் மேலிருந்து இறங்கித் தாக்குகிறவை வந்தன, நம் நாக் அந்த மாதிரிதான். எழுபதுகளில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் பட்டம் விடுகிற நூல் மாதிரி மெல்லிய கம்பியை அவிழ்த்துக்கொண்டே போகும், அந்தக் கம்பியில்தான் கட்டளை போகும். பழசு என்று ஒதுக்கிய அந்த யோசனை இப்போது உக்ரைனில் திரும்ப வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ரேடியோவையும் செயற்கைக்கோள் சிக்னலையும் குழப்பிவிடுவதால், கண்ணாடி இழை நூலை அவிழ்த்துக்கொண்டு போகிற ட்ரோன்களை விடுகிறார்கள். கட்டளை அனுப்ப, குழப்ப முடியாத வழி நூல்தான்.

என்னை உறுத்துகிறது இரண்டு விஷயம். ஒன்று பணம். அமெரிக்காவின் ஒரு பேட்ரியாட் தடுப்பு ஏவுகணைக்கு ஏறக்குறைய நாற்பது லட்சம் டாலர், நம் கணக்கில் முப்பது கோடி ரூபாய்க்கு மேல். அதை வைத்துச் சில பத்தாயிரம் டாலர் ட்ரோனை அடித்துக்கொண்டே இருந்தால், அடிக்கிறவன்தான் முதலில் காலியாவான். அதனால்தான் பழைய துப்பாக்கிகளும் பெச்சோராவும் இன்னும் வேலைக்கு வேண்டியிருக்கின்றன.

இன்னொன்று இதைவிடப் பெரிது. இந்தக் கருவி சொன்ன இடத்தில் சரியாகப் போய் விழும். சொன்னது தப்பாக இருந்தாலும் அங்கேயேதான் விழும். 1988 ஜூலை 3, வின்சென்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்து இரண்டு ஏவுகணை விட்டது. 290 பேர் செத்தார்கள். அந்த ஏவுகணைகளில் எந்தக் கோளாறும் இல்லை. 2019 பிப்ரவரி 27, காஷ்மீரில் பட்காம் அருகே நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தியது, அதில் ஆறு விமானப்படை வீரர்கள், தரையில் ஒருவர். அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பின்னால் ஒப்புக்கொண்டார். 2022 மார்ச் 9 அன்று ஒரு பிரமோஸ் தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, மூன்று அதிகாரிகள் வேலையிழந்தார்கள். வண்டிக்குள் அந்த மூன்று சக்கரத்துக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பயிற்சியில் நாங்கள் அதிகம் செலவிட்ட நேரம் சுடுவதற்கு இல்லை, திரையில் வருகிற புள்ளி நம்மவனா எதிரியா பயணிகள் விமானமா என்று தெளிவாகிற வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு. ஏவுகணையின் வேகம் கூடக் கூட அந்த முடிவுக்குக் கிடைக்கிற நேரம் குறைந்துகொண்டே போகிறது. டிவியில் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பேசலாம்.

விஜயநாராயணம் என்றேனே. அங்கே 1990-லிருந்து கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. அது ஏவுகணைத் தளம் இல்லை. நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரங்களிலிருந்து மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலையை அனுப்புகிறார்கள். சாதாரண ரேடியோ கடல்நீரில் நுழைந்ததும் செத்துவிடும், இந்த நீளமான அலை மட்டும் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு நீருக்குள் ஒளிந்திருக்கிற அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிக்கு, மேலே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாமல் செய்தி கேட்க இதுதான் வழி. ஏவு என்றோ ஏவாதே என்றோ கரையிலிருந்து சொல்வது அதன் காதில் விழ வேண்டும். அந்தக் குரல் நம்ம நாங்குநேரிப் பக்கத்திலிருந்து போகிறது.

மருமகனே, உனக்கு இந்த செமஸ்டரில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இருக்கிறது என்றாய், போரடிக்கிறது என்றும் சொன்னாய். அதில் ஃபீட்பேக் என்று ஒரு பாடம் வரும், நான் மேலே எழுதினதில் முக்கால்வாசி அதுதான். லீவுக்கு வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. பார்வைக்கோட்டுச் சமன்பாட்டைப் பேப்பரில் நாம் இரண்டு பேரும் போட்டுப் பார்க்கலாம், ஒரு மணி நேர வேலை.